பூட்சுக்கு அளவெடுத்த கால்

போன மாதம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் செயற்கைக்கால் முகாம் நடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையில் கால்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். பந்தி போடும் கூடத்தில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். பழக்கதோஷத்தில் யாராவது இலை போட வருகிறார்களா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்தான் வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு என் பேத்தி வயது இருக்கும். எனக்குப் பேத்தி கிடையாது, கல்யாணமே கிடையாது, வயதுக்காகச் சொல்கிறேன். யாரோ புண்ணியவான் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கால் என்றாள். மாட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் ஒரு சின்னப் பொத்தானைக் காட்டினாள்.

"ஐயா, செருப்பு போட்டு நடக்கறப்ப இப்படியே இருக்கட்டும். வீட்டுக்குள்ள, கோயிலுக்குள்ள போறப்ப செருப்பக் கழட்டுவீங்கல்ல, அப்ப இதை அமுக்குங்க. பாதம் தரைக்குத் தக்கபடி இறங்கிக்கும். திரும்பச் செருப்பு போட்டா திரும்ப அமுக்கணும். அவ்வளவுதான்."

நான் சிரித்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் ஐயா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. இந்தப் பொத்தான் கொஞ்சம் பிந்தி வந்துருச்சு."

அவளுக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். அதனால் மீதியை உங்களிடம் சொல்கிறேன்.

புதுக்காலில் எந்த வாசனையும் இல்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். என் முதல் காலுக்கு வாசனை உண்டு. பதப்படுத்திய தோல், கொதிக்கிற வச்சிரப் பசை, மரத்தூள், ஈர மாவுக்கட்டு எல்லாம் கலந்த வாசனை. மலைக்குக் கொண்டுபோன பிறகு அதில் ஏலக்காயும் சேர்ந்துகொண்டது. பச்சை ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். ஸ்டோரில் வேலை செய்கிறவனுக்குச் சோறும் ஏலக்காய் மணக்கும், வேட்டியும் ஏலக்காய் மணக்கும். கட்டைக்கால் மட்டும் என்ன விதிவிலக்கா? கழற்றி மூலையில் சாய்த்து வைத்தால் என் அறை பாயசம் காய்ச்சிய வீடு மாதிரி மணக்கும். குடிக்கத்தான் ஆள் இருக்காது.

எழுபதுகளில் போடிமெட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு ஸ்டோரில் வேலை பார்த்தேன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உறவென்று எனக்கு இருந்தது கீழே போடியில் அக்காவும், அக்காவைக் கட்டிய முத்தையா மச்சானும்தான். மச்சான் ஜீப் ஓட்டினார். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவார், சாயங்காலம் ஆட்களோடு மூட்டைகளையும் இறக்குவார். பெண்கள் உள்ளே உட்கார வேண்டும், இளவட்டங்கள் பின்படியில் தொங்க வேண்டும் என்பது அந்த ஜீப்பின் எழுதாத சட்டம். மச்சானுக்கு வாய் ஓயாது. மலைப்பாதையின் வளைவுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். கிட்டே போகும்வரை முகமே காட்டாத ஒன்றுக்கு மாமியார் வளைவு. எவ்வளவு சுற்றினாலும் முடியாத ஒன்றுக்குச் சம்பந்திப் பேச்சு. புதிதாக ஏறிய பெண்கள் பயத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார்கள்.

ஒருநாள் மூடுபனியில் எதிரே வந்த பஸ்சுக்கு ஒதுங்கப் போய், ஜீப்பின் சக்கரம் ஓரத்து ஓடையில் இறங்கிவிட்டது. ஜீப் மெதுவாகத்தான் சாய்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்படியில் தொங்கிய என் இடதுகால் ஜீப்புக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று கேட்டால் மூடுபனி மேல் என்றுதான் சொல்வேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மச்சானிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது வீட்டு மனிதரிடம் போய்ச் சொல்வார்களா?

மச்சான் பேச்சை நிறுத்தியது அப்போதுதான். தினமும் வார்டுக்கு வருவார், கட்டில் ஓரத்தில் நிற்பார், ஜன்னலைப் பார்ப்பார், போவார்.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க மற்ற ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போவார்கள். நாங்கள் போடிக்காரர்கள், இலவம்பஞ்சு ஊர்க்காரர்கள். எங்களுக்குத் தலையணைதான் பாசம். அக்கா ஒரு புதுத் தலையணை தைத்து எடுத்துவந்தாள். தெருக்காரர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். வெட்டுப்பட்ட காலை அந்தத் தலையணைகளின் மேல் தூக்கி வைத்து, நான் ராஜா மாதிரி படுத்திருந்தேன். அப்போதுதான் சூசை அண்ணன் வார்டுக்குள் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் செயற்கைக்கால் செய்கிறவர் அவர்.

"எவன்டா இத்தனை தலகாணி வச்சது?"

"நாந்தாண்ணே," என்றாள் அக்கா. "புதுப் பஞ்சு. பூ மாதிரி இருக்கும்."

"பூ மாதிரி வச்சு முட்டிய மடக்கிப் போட்டியே ஆத்தா! மடங்குன முட்டி அப்படியே மடங்கிப்போகும், பெறகு நீட்ட வராது. நீட்ட வராத முட்டிக்கு நான் கால் செஞ்சா அது நாற்காலிக்குத்தான் ஆகும். எடு, எடு எல்லாத்தையும்."

அக்கா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். போடியிலிருந்து மதுரைக்கு வந்த அன்பெல்லாம் அன்றைக்கே மூட்டை கட்டித் திரும்பிப் போனது. இப்போது நினைத்தால் அது ஒரு முன்னறிவிப்பு மாதிரி இருக்கிறது.

சூசை அண்ணனுக்கு அடக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. "நான் கால் போட்ட ஒருத்தன் கல்யாணம் பண்ணி ஒரு மாசம் வரைக்கும் பொண்டாட்டிக்கே தெரியாது" என்பார். அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாதா அண்ணே என்று கேட்டதற்கு என் முதுகில் ஒன்று வைத்தார். வெட்டி மீந்த காலுக்கு அவர் வைத்த பெயர் 'மிச்சம்'. மிச்சத்துக்குத் துணிக்கட்டு நுனியிலிருந்து மேலே சுற்றணும், மேலேயிருந்து சுற்றினா நுனி வீங்கும். மிச்சத்தைச் சாயங்காலம் கழுவு, காலையில் கழுவாதே, ஈரத்தோல் ஊதிக்கிட்டு காலுக்குள்ள போகாது. மிச்சத்துக்கு மாட்டுற உறையைத் தினம் துவை. வைத்தியர் கொடுத்தார், மாமன் கொடுத்தான்னு எண்ணெய் கிண்ணெய் தடவினே, என்கிட்ட வராதே. எல்லாம் வாய்வழிப் பாடம்தான். திருப்பிச் சொல்லச் சொல்வார், தப்பினால் திட்டுவார்.

முகம் மழிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கி, மிச்சத்தின் அடிப்பக்கத்தைத் தினமும் பார்க்க வேண்டும் என்பதும் அவர் பாடம். புண் வந்தால் வலிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியுமாம். அந்த வருஷங்களில் நான் முகத்தைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டில் எது அழகு என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. இல்லாத பாதத்தில் அரிப்பெடுக்கிறதே அண்ணே என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கிற பாதத்தச் சொறி" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். சொறிந்தேன், அடங்கிவிட்டது. உடம்பையும் இப்படி ஏமாற்ற முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கால் அளவெடுக்கும் முன்னால் அவர் சொன்னதுதான் இந்தக் கதைக்கு முக்கியம். "அடுத்து வர்றப்ப பூட்சு கொண்டா. பூட்சு இல்லாம கால் கெடையாது. குதி எம்புட்டு ஒசரமோ அதுக்குத் தக்கனத்தான் நான் பாதத்தச் சாய்ச்சு வைப்பேன்."

எங்கள் வம்சத்தில் யாரும் பூட்ஸ் போட்டதில்லை. மலையில் பாதிப்பேர் வெறுங்கால், மீதிப்பேர் ரப்பர் செருப்பு. பூட்ஸ் என்றால் போலீஸ்காரர், எஸ்டேட் மானேஜர், சினிமாவில் வருகிறவர்கள். அதைக் கேட்டதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் வெளியே போனார். வெயில் இறங்கும் நேரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், ஆண்பிள்ளைகளும் குதி உயர்ந்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, தெரு பெருக்குகிற கால்சட்டையோடு திரிந்த காலம் அது. கடையில் இருந்ததிலேயே உயர்ந்ததை வாங்கியிருந்தார். கறுப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. குதியை வைத்து ஒரு மணைக்கட்டை செய்துவிடலாம்.

"சினிமாக்காரன் தோத்தான் மாப்ளே," என்றார். ஜீப் சாய்ந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்போது லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

சூசை அண்ணன் அந்தக் குதிக்கு அச்சாகப் பாதத்தைச் சாய்த்து வைத்துக் கால் செய்தார். சிமெண்டுத் தரையில், இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நடக்கப் பழகினேன். ஒரே வாரத்தில் கம்பியை விட்டேன். என்னைக் காட்டி மற்றவர்களை வைதார் சூசை அண்ணன். நான் மிதப்பாகத்தான் மலையேறினேன். டீக்கடைச் சேட்டன் இறங்கி வந்து என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொள்ளாமல்லோ" என்று தலையாட்டினார். நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம்.

ஸ்டோருக்குப் பின்னால் இருந்த என் அறைக்கு வந்து, வழக்கம்போல வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். மல்லாந்து விழுந்தேன்.

எழுந்து மறுபடி நின்றேன். மறுபடி மல்லாக்க. யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. உயர்ந்த குதிக்காகச் சாய்த்து வைத்த பாதம் அது. பூட்ஸ் இல்லாமல் அது தரையில் படிந்தால், காலே பின்பக்கம் சாய்ந்துவிடும். மரப்பாதம் மடங்கிக் கொடுக்காது. சிமெண்டுத் தரையில் பூட்ஸோடு நடந்து பழகிய எனக்கும் இது தெரியவில்லை, செய்தவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள் நுழைய ஒவ்வொரு மனிதனும் வாசலில் காலணியைக் கழற்றுகிற ஊரில், கழற்றினால் நிற்க முடியாத காலோடு நான் வந்து சேர்ந்திருந்தேன். கட்டைக்கால் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். என் அறையில் பூட்ஸோடே புழங்கினேன். கேட்க யார் இருந்தார்கள்?

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு இறங்கினேன். அக்கா ஆரத்தி கரைத்து வைத்துக் காத்திருந்தாள். சுற்றி ஊற்றி முடித்து, "உள்ள வாடா" என்றாள். மச்சான் நிலைக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"பூட்சு எப்படி மாப்ளே?"

"நல்லா இருக்கு மச்சான்."

நீங்கள் கேட்பீர்கள், இதைச் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? பூட்ஸோடு உள்ளே போனால்தான் என்ன? யோசிக்காமல் இருந்திருப்பேனா? நுழைந்ததும் சாமி படம் மாட்டிய வீடு அது, தோல் பூட்ஸோடு எப்படி ஏறுவது? காலைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து போகலாம். அந்த மிச்சத்தை மச்சான் கண்முன்னால் எப்படிக் காட்டுவது? குதி உயரம் என்று சொல்லலாம். அவர் சிரித்ததே அந்தக் குதியைப் பார்த்துத்தான். தலையணையை அணைத்துக்கொண்டு அக்கா அழுததை ஒருதரம் பார்த்துவிட்டேன். மச்சானையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"மேல சோலி கெடக்கு. வெரசாப் போகணும்க்கா," என்று சொல்லித் திரும்பினேன். அக்கா ஈயப்போணியில் மோர் கொண்டுவந்து தெருவிலேயே கொடுத்தாள். மச்சான் உள்ளே போய்விட்டார்.

இப்படியே நடந்தது. போடிக்கு வருவேன், வாசலில் நிற்பேன், சோலி கிடக்கும், போவேன். கல்யாண வீடுகளில் பந்தலோடு நின்றுவிடுவேன். "சும்மாத்தானே நிக்கிற, இதப் பாத்துக்க" என்று ஆளாளுக்குச் செருப்பை என் பக்கத்தில் விட்டுப் போவார்கள். ஊரில் எந்த வீட்டு விசேஷத்துக்கும் செருப்புத் தொலையாத ஒரு காலம் இருந்தது என்றால் அதற்கு நான்தான் காரணம். பூட்சு வந்ததும் ஆளு மேல நிக்கிறான் என்று சிலர் பேசினார்கள். அதையும் கேட்டுச் சிரித்தேன். பிறகு இறங்குவதையே குறைத்துக்கொண்டேன்.

மச்சானின் ஜீப் தினமும் ஸ்டோரைத் தாண்டித்தான் போகும். மேல் வளைவில் ஹாரன் அடிப்பார். அந்த ஹாரனை நூறு ஹாரனிலும் எனக்குத் தெரியும். ஏலக்காயைக் கிளறிக்கொண்டிருக்கிற கை நின்றுவிடும். ஜீப் நிற்கிறதா என்று காது கொடுப்பேன். நிற்காது. நானும் வெளியே போகமாட்டேன். அக்கா கொடுத்தனுப்புகிற கருவாடும் ஊறுகாயும் வேறு டிரைவர்கள் கையில்தான் வரும். மழைக்காலத்தில் ஜீப்புகள் ஓடாத நாட்களில் ஹாரன்கூட இல்லாமல் இருக்கும். மழை, அடுப்பு, நான். மனிதன் தனக்குத்தானே பேசுவான் என்று சொல்வார்கள். நான் அந்தக் காலோடு பேசியிருக்கிறேன். அதுவும் மச்சானைப் போலத்தான், பதில் சொல்லாது.

அக்காவுக்கு ஒரு பெண்குழந்தை இருந்தது, செல்வி. எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்று உலகத்தில் இருந்தது நான் ஒருத்தன். வெற்றிலை பாக்கோடு அக்காவே ஜீப்பேறி மலைக்கு வந்தாள். மச்சான் ஜீப்பில் அல்ல, வேறு ஜீப்பில். என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், பூட்ஸோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

"உன் மடியில வச்சாத்தான் குத்துவேன். இல்லன்னா புள்ள மூளிக்காதோட கெடக்கட்டும்," என்றாள். பிறகு சேலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவரு சோறு பாதி திங்கிறதில்லடா. 'என் வாசப்படிய மாப்ளே மிதிக்க மாட்டேங்கிறான், மிதிக்க மாட்டான், நான் செஞ்சது அப்படி'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. இத்தன வருசம் ஆச்சு. அவர மன்னிக்கக் கூடாதா?"

நான் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வாசல்படி மிதிக்காமல் இருப்பதற்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பங்காளிச் சண்டையில் அதைத்தானே செய்வார்கள்? உறவை அறுக்கிறவன் செய்வதை, உறவு நோகக்கூடாது என்று நான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். மடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் போய் அவரிடம்தான் சொல்வாள். "நீ வாங்கிக் குடுத்த பூட்சாலதான் அவன் உள்ள வரல" என்று. ஏற்கெனவே ஒரு காலைச் சுமக்கிறவர் தலையில் இதையும் ஏற்றுவதா?

"வர்றேன்க்கா. கண்டிப்பா வர்றேன்னு சொல்லு," என்றேன்.

மறுநாளே மதுரைக்குப் போனேன். சூசை அண்ணன் பாதிக் காலை மடியில் வைத்துத் தோல் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஊசியை வீசி எறிந்தார்.

"இத்தன வருசமா என்னடா செஞ்ச? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? தெனம் என்னத்தப் போடுவியோ அதக் கொண்டாரணும்டா!"

"நீங்க பூட்சுன்னுதாண்ணே சொன்னீங்க."

சூசை அண்ணன் குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் காலிலும் பூட்ஸ் இருந்தது. கொட்டகையில் நடை பழகிக்கொண்டிருந்தவர்கள் காலிலும் பூட்ஸ்தான், பாதி இரவல். நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார்.

"எல்லாப் பயலும் சிரிச்சுக்கிட்டுத்தான் போறானுக," என்றார். "வீட்டுக்குள்ள எப்படிடா போவன்னு ஒருத்தனையும் நான் கேட்டதில்ல."

விசேஷத்துக்குள் புதுப்பாதம் மாற்ற நேரமில்லை. தக்கையை ஆப்பு மாதிரிச் சீவி, இரண்டு காலுறைகளுக்குள்ளும் குதிப்பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். பூட்ஸைக் கழற்றியதும் இந்த உறைகளை மாட்டிக்கொண்டால், உறைக்குள் குதி இருக்கும். ஒரு காலுக்கு மட்டும் வைத்தால் நொண்டும் என்று நல்ல காலுக்கும் வைத்தார். "சம்மணம் போடாத. கட்டைக்கால நீட்டிக்க. புள்ளைய வலது தொடையில வை, ஒதைச்சா அந்தத் தொடை தாங்கும்," என்று காது குத்துக்கும் பாடம் எடுத்தார். அவர் முன்னால் பூட்ஸைக் கழற்றி உறைகளை மாட்டினேன். தரையில் நின்றேன். விழவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது.

விசேஷத்தன்று அக்கா வீட்டு வாசலில் ஓரமாக உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி மற்றச் செருப்புகளோடு வைத்துவிட்டு, தக்கை வைத்த உறைகளை மாட்டினேன். நிலையைப் பிடித்துக்கொண்டு படி தாண்டினேன். உள்ளே மஞ்சள் வாசனை, சாம்பிராணிப் புகை, சாமி படத்துக்குப் புதுமாலை. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அமுங்கி வலித்தது. செல்வியை வலது தொடையில் வைத்தார்கள். அவள் சரியாக உதைத்தாள், தொடை தாங்கியது. ஊசி குத்தியபோது என் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான் கூட்டத்தில் மச்சானைத் தேடினேன்.

"மச்சான் எங்கக்கா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "விடியக்காலயே லோடு எடுத்துட்டு மேல போயிட்டாரு. 'நான் இருந்தா மாப்ளே உள்ள வரமாட்டான். புள்ளைக்கு மாமன் மடி வேணும்'னு சொல்லிட்டுப் போனாரு."

நான் உள்ளே வருவதற்காக அவர் வெளியே போயிருந்தார். பெற்ற தகப்பன் இல்லாமல் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியாயிற்று. பந்தி முடிந்து சனம் கலைந்தது. நான் போகவில்லை. கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. ஹாரன் இல்லை. ஜீப் நின்றது, ஆள் உள்ளே வரவில்லை. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். மச்சான் படிக்கு வெளியே நின்று என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வாசலில் கிடந்தால் நான் உள்ளே இருக்கிறேன் என்று அர்த்தம். அது அவருக்கு விளங்க நேரம் பிடித்தது. மெல்லப் படியில் உட்கார்ந்து, அந்த பூட்ஸை எடுத்து மடியில் வைத்து, தோள்துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"உள்ள வாங்க மச்சான்," என்றேன். அவர் வீட்டுக்குள் வரச் சொல்லி அவரையே கூப்பிட்டேன்.

"வர்றேன் மாப்ளே. நீ போய் உக்காரு, கால் வலிக்கும்."

"வலிக்கல. நீங்க வாங்க."

பூட்ஸைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என் காலுறையைப் பார்த்தார். குதிப்பக்கம் கொஞ்சம் புடைத்துத்தான் இருந்தது.

"குதி ஒசரமாப் போச்சோ மாப்ளே?"

"இல்ல மச்சான். அளவாத்தான் இருக்கு."

பூட்ஸை எடுத்த இடத்திலேயே வைத்தார். எழுந்து உள்ளே வந்தார். இரண்டு பேருக்கும் அக்கா இலை போட்டாள். சாப்பிட்டோம். பழைய பேச்சு திரும்ப வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு மனிதர் அத்தனை வருஷம் மூடி வைத்த வாயைத் திறந்தால் அதே ஆளாகவா இருப்பார்? நான் போகும்போதெல்லாம் என் பூட்ஸைத் துடைத்து வைப்பார். வளைவுகளின் பெயரை மட்டும் பிறகு சொல்லவேயில்லை.

அடுத்த தடவை மதுரைக்குப் போனபோது, கொட்டகையில் நடைக்கம்பி முடிகிற இடத்தில் ஒரு மரப்படி அடித்து, அதற்கு அந்தப்பக்கம் கோரைப்பாய் விரித்திருந்தார் சூசை அண்ணன். கம்பியைத் தாண்டியவன் பூட்ஸைக் கழற்றிப் படியேறிப் பாயில் நிற்க வேண்டும். நின்றால்தான் கால் வீட்டுக்குப் போகும். "என் சொந்த யோசனை. வேற எவனுக்காவது தோணியிருக்கா பாரு!" என்றார். ஆமாம் அண்ணே என்றேன். அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள்.

மச்சான் எண்பதுகள் முடியும் முன்பே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். சுடுகாட்டுக்கு எல்லாரும் வெறுங்காலோடு நடந்தார்கள். நான் அந்த பூட்ஸோடு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. அதற்குள் பலமுறை அடித்தோல் மாற்றியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்குத்தான் குதி வைத்தாக வேண்டும், கால் அந்த உயரத்தைத்தான் கேட்கும். செல்வியைத் திருப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அக்காவும் அவளோடு போய், அங்கேயே முடிந்துபோனாள். வீட்டை விற்றுவிட்டார்கள். பிறகு எனக்கு வெறுங்காலோடு நடக்கிற மாதிரி ரப்பர்ப் பாதங்களெல்லாம் வந்தன. நுழைய வேண்டிய வீடு எதுவும் இல்லாததால் அதை நான் பெரிதாகக் கொண்டாடவில்லை.

முகாமுக்கு மறுநாள் புதுக்காலோடு அந்தத் தெருவுக்குப் போனேன். அக்கா வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை. நிலை இல்லை, படி இல்லை. தெருவோடு தெருவாகப் பளிங்குத் தரை உள்ளே ஓடுகிறது. கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செருப்பைக் கழற்றினேன். குனிந்து கணுக்காலில் பொத்தானை அமுக்கினேன். பாதம் சத்தமில்லாமல் இறங்கியது.

"ஐயா, செருப்போடயே வாங்க. இங்க யாரும் கழட்டுறதில்ல," என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும்," என்று வெறுங்காலோடு உள்ளே போனேன். தரை சில்லென்று இருந்தது, ஒரு காலுக்கு மட்டும். சாமி படம் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்ன வேணும் ஐயா?"

"ஒண்ணும் வேணாம்ப்பா. உள்ள வந்துட்டுப் போலாம்னுதான்."